லால்பாக் பாறை

லால்பாக்கில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் வாசம் வந்ததுமே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோடை லீவில் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேற்றி எங்களைப் பெங்களூர் பார்க்கக் கூட்டிவரும் அப்பா, கண்ணாடி மாளிகையையும் பூக்களையும் ஓட்டமும் நடையுமாகக் காட்டிவிட்டு, இந்தப் பாறைமேல் ஏற்றுவார். சுரங்கத்தில் தலைக்குமேல் இருக்கும் பாறையைத் தட்டிப் பார்ப்பதுபோல இங்கேயும் ஒரு கல்லால் அங்கங்கே தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார்.

"கெட்டியாத்தான் கீது, உக்காருங்க."

நாங்கள் உட்கார்ந்து, கண்ணுக்கெட்டிய வரை மரங்களையும் ஓட்டு வீடுகளையும் பார்த்தபடி மாங்காய் தின்போம். அவர் மட்டும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

இன்று அந்தச் சுரங்கமும் இல்லை, அந்த ஓட்டு வீடுகளும் இல்லை.

"எவ்ளோ நேரம் நிப்ப? உக்காருப்பா" என்றாள், பாறைமேல் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்த என் மகள்.

அப்போதுதான் என் கையில் கல் இருப்பதைப் பார்த்தேன்.