நான் தொலைந்துபோன தசரா

எங்கள் வீட்டில் தொலைந்துபோன பெருமை எனக்கு மட்டுமே உண்டு என்று போன வருடம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

குலசை அம்மன் கோயில் தசராவுக்கு அப்பா நேர்ந்துகொண்டு, விரதமிருந்து காளி வேஷம் கட்டியிருந்தார். முகத்தில் கருநீலச் சாயம், சடைமுடி, சிவப்புச் சேலை, முதுகில் அட்டைக் கைகள். கடற்கரைக் கூட்டத்தில் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்ததும் பிடியை விட்டேன். திரும்பிப் பக்கத்தில் நின்ற காளியின் சேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மிட்டாய் வேண்டும் என்று நச்சரித்தேன். அங்கே அப்பாவைப் போலவே வேஷம் கட்டிய காளிகள் எத்தனையோ பேர் என்பது எனக்கு உறைக்கவில்லை. காளி குனிந்தது.

"ஏளா, நீ யாரு மவ?"

அப்பாவின் குரல் இல்லை. ஊரே கேட்க அழுதேன். பயந்துபோனது காளிதான். மிட்டாய் வாங்கித் தந்து, அட்டைக் கைகளைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைத் தோளில் ஏற்றியது.

"உங்க அப்பா என்ன வேஷம் தாயி?"

"காளி" என்றேன். நல்ல அடையாளம்! எதிர்ப்பட்ட காளிகளிடமெல்லாம், "அண்ணாச்சி, பிள்ளையத் தொலைச்சிட்டியளா?" என்று கேட்டுக்கொண்டே போனது. கடைசியில் அப்பாவே ஓடி வந்தார். அழுது அழுது முகச்சாயம் கோடு கோடாக வழிந்திருந்தது.

இதை நான் சொல்லாத விருந்து இல்லை. போன தசராவுக்கு அக்கா வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா போகிற போக்கில் ஒரு குண்டைப் போட்டாள்.

"அன்னைக்கு நீ கைப்பிள்ள. வீட்டுல தொட்டில்ல கெடந்த. தொலைஞ்சவ உங்க அக்கா."

விடுவேனா? மிட்டாயின் நிறத்தைச் சொன்னேன். கன்னத்தில் ஒட்டிய சாயத்தின் பிசுபிசுப்பைச் சொன்னேன். அக்கா வடை சுட்டுக்கொண்டே சிரித்தாள். அம்மா விடவில்லை.

"நாலு வயசுல நீ, 'என்னைய மட்டும் யாரும் தொலைக்கலையே'ன்னு ஒரே அழுகை. சோறு திங்கல. உங்க அக்காதான், 'சரி, தொலைஞ்சது நீதாம்ளா'ன்னு கதையில உன்னையப் போட்டுச் சொல்லி ஊட்டிவிட்டா. பெறவு தெனமும் அதே கதைதான் கேப்ப."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்படி அழுதது எனக்குச் சுத்தமாக நினைவில்லை. காளியின் தோளில் போனது மட்டும் இப்போதும் கண்முன் நிற்கிறது. அந்தக் கதையை எனக்குக் கொடுத்த பிறகு அக்கா அதை யாரிடமும் தன் கதையாகச் சொன்னதே இல்லை. அவள் ஊட்ட ஊட்ட வாயைத் திறந்துகொண்டிருந்த எனக்கு அது எங்கே புரிந்தது?