மெத்தைக்காரர் வீட்டு ஈரம்

பஞ்சு மெத்தை தைப்பவருக்கு ஈரம் ஜென்மப் பகை. தெருவெல்லாம் மெத்தைக்காரர் என்று அழைத்த அவர், ஒழுகும் வாடகை அறைகளில் பாதி வாழ்நாளைக் கழித்தவர். சொந்த வீடு கட்டத் துணிந்தபோது, மனைவியின் தம்பியான கொத்தனாரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மச்சான், அலங்காரம் எதுவும் வேணாம். தரையிலேர்ந்து ஈரம் மட்டும் சுவர்ல ஏறக் கூடாது."

"எங்கக்கா இருக்கப்போற வீடு மாமா! அஸ்திவாரத்து மேல தார் ஷீட்டு விரிச்சுட்டுத்தான் அடுத்த செங்கல்லையே வைப்பேன்."

சொன்னபடியே சுவரடியில் வீட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது. வருவோர் போவோரையெல்லாம் குனியவைத்து அதைக் காட்டினார் மெத்தைக்காரர்.

மூன்றாவது மழைக்காலத்தில் தையல் அறைச் சுவர் முழங்கால் உயரத்துக்கு நனைந்தது. பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பஞ்சில் பூஞ்சை வாடை. மைத்துனன் வந்து பார்த்து, குழாய் கசிகிறது என்றான். குழாயை மாற்றினார்கள். ஈரம் போகவில்லை.

"அக்கா வாளி வாளியா ஊத்திக் கழுவுறா மாமா. சுவர் குடிக்காம என்ன செய்யும்?"

மெத்தைக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "வீட்டைக் கழுவுறியா, கப்பல் விடப்போறியா?" என்று விருந்தாளிகள் முன்னாலேயே மனைவியைக் குத்தினார். அவள் வாளியை ஒதுக்கிவிட்டு ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினாள். ஈரமோ இடுப்பளவு ஏறியது. விடுதி ஒன்றுக்குத் தைத்த மெத்தைகள் நாறுகின்றன என்று திரும்பி வந்தன. இன்னொரு முறை இப்படி நடந்தால் தொழிலையே மூட்டை கட்ட வேண்டியதுதான். மைத்துனன் மனம் நோகக் கூடாதென்று, அவனுக்குத் தெரியாமல் வேறொரு கொத்தனாரை அழைத்தார்.

வந்தவர் சுவரடியைத் தட்டிப் பார்த்தார். "உள்ள ஷீட்டு எங்கயோ கிழிஞ்சிருக்கும்ணே. அங்கங்க கல்லை எடுத்துத் தேடலாமா?"

"தேடுங்க. என் மச்சான் கை வெச்சது, அவ்வளவு சுலபமா கிழியாது."

உளி இறங்கியது. வாசலில் நின்ற மனைவி மெல்லச் சொன்னாள்:

"சும்மா ஒடைக்காதீங்க. உள்ள ஒண்ணும் இருக்காது."

மெத்தைக்காரர் திரும்பினார்.

"ஷீட்டையெல்லாம் அவன் தனக்குக் கட்டிக்கிட்டிருந்த வீட்டுக்கு ஏத்திட்டுப் போயிட்டான். இங்க வெளி விளிம்புல மட்டும் தாரைத் தடவினான். கேட்டப்ப, மாமாகிட்ட சொல்லிடாதக்கான்னு அழுதான்."

"உன் மேலயே பழியைப் போட்டப்பவுமா வாயை மூடிட்டிருந்த?"

"தம்பியாச்சே."

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று கொத்தனார் நழுவினார்.

மைத்துனனைத் திட்டித் தீர்த்துவிடலாம். இவளை என்ன செய்வது? நனைந்த பஞ்சை அவரோடு சேர்ந்து வெயிலில் உலர்த்தியவள். குழாய் மாற்றும்போது விளக்குப் பிடித்தவள். அத்தனையும் தெரிந்துகொண்டே. குத்திப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவும் அவருக்கு நா எழவில்லை; அவளை மன்னிக்கவும் மனம் வரவில்லை.

"அவன்கிட்ட கேட்டுடாதீங்க" என்றாள் அவள். "ஒடிஞ்சு போயிடுவான்."

மெத்தைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, பஞ்சு வைக்க வாடகைக்கு அறை கிடைக்குமா என்று விசாரிக்கத் தெருவில் இறங்கினார்.