மாப்பிள்ளைக்கு ஊர் சுற்றிக் காட்டிய இரண்டு நாள்

என் தங்கை பினாங்கிலிருந்து கணவரோடு வந்து இறங்கியபோது அவள் மனசில் ஒரே ஒரு காரியம்தான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மனை வாங்க வேண்டும். மாப்பிள்ளைக்கு வேலை ஓய்ந்ததும் இருவரும் வந்து அதில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். மாப்பிள்ளை பினாங்கிலேயே பிறந்தவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். இந்த நாட்டைப் பற்றி அவருடைய அப்பா சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான்: "அங்க வெட்டிக்கிடுவானுங்க." அதை நம்பி இத்தனை வருஷம் வராமல் இருந்தவர், தங்கையின் அழுகைக்காக அந்தத் தடவை வந்தார். திங்கட்கிழமை காலையில் மனைக்காரர் பதில் கேட்க வருவதாகப் பேச்சு. அதற்குள் ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஊரைச் சுற்றிக் காட்டி அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டியது என் பொறுப்பு என்று தங்கை சொல்லிவிட்டாள்.

நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். துணியின்மேல் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று எண்ணுவது வேலை. அந்த வேலை வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. வாசலில் எத்தனை செருப்பு, பையில் எத்தனை சாவி, வண்டியில் எத்தனை தலை என்று எண்ணாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும். அந்த வருஷம் அடைக்கக் காரணமும் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ஜாதிச் சண்டை. கல்லெறியில் கண்ணாடி போன டவுன் பஸ்ஸில் முகத்தில் காற்று அறைய வேலைக்குப் போய்வந்தோம்.

சனிக்கிழமை இராஜபாளையம். முதலில் நாய் வளர்க்கிறவர் ஒருவரின் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். பால் வெள்ளையில் ஏழு நாய்கள். மாப்பிள்ளை புகைப்படம் எடுக்கக் குனிந்தார். அதற்குள் இரண்டு நாய்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. தோட்டக்காரர் கம்பால் அடித்துப் பிரிப்பதற்குள் ஒன்றின் காது பாதியாகத் தொங்கியது. வெள்ளை ரோமத்தில் ரத்தம் சட்டென்று பரவும். மாப்பிள்ளை கேமராவை மூடிவிட்டார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அதைவிட மோசம். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி ஒருவர் போட்ட துண்டை இன்னொருவர் எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். துண்டுக்காரர் உள்ளே ஏறி, எதுவும் பேசாமல், நாலடுக்குத் தூக்குச்சட்டியால் அவர் வாயில் அடித்தார். மூன்று அடி. சாம்பாரும் ரத்தமும் சட்டையில் வழிந்தன. கண்டக்டர் இருவரையும் கீழே தள்ளிவிட்டு விசில் ஊதினார்.

"ஒரு துண்டுக்கா, மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

தங்கை முந்திக்கொண்டாள். "இங்க துண்டு போட்டா ஆளே உக்காந்த மாதிரி. அத எடுத்தா ஆளத் தூக்கி எறிஞ்ச மாதிரிதான? அடிக்காம என்ன செய்வான்?"

"நல்ல ஊருலா," என்றார் அவர், பினாங்குப் பேச்சின் 'லா'வோடு.

ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக் கார் பேசியிருந்தேன். டிரைவர் நடுவயசுக்காரர், வாய் ஓயாதவர். முன் கண்ணாடிக்கு மேலே ஒரு கட்டம் போட்ட துண்டு தொங்கியது. முன்னால் இருந்த பெட்டியில் கரை வைத்த துண்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. நிறங்களைச் சொல்ல மாட்டேன். அவை இன்றும் ஜாதிக் கொடிக்கம்பங்களில் இருக்கின்றன. மாப்பிள்ளையும் தங்கையும் பெட்டிக்கடையில் நின்ற நேரத்தில் டிரைவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"சார், ஒரு ஊருக்கு இது, அடுத்த ஊருக்கு அது. பாலத்துக்கு இந்தப் பக்கம் அவிய, அந்தப் பக்கம் உங்க ஆளுக. மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே போயிருவேன். இதுவரைக்கும் வண்டியில ஒரு கீறல் கிடையாது."

ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளை கோபுரத்தின் அடுக்குகளைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். பால்கோவாவைச் சுடச்சுட இலையில் வாங்கித் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். ஊர் ஓரத்தில் இருந்த மனையில் தங்கை குச்சியால் கோடு கிழித்தாள். இது வாசல், இது சமையல்கட்டு, இது நீங்க சாய்வு நாற்காலி போடுற இடம். அவர் அந்த இடத்தில் போய் நின்று மேற்கே மலையைப் பார்த்தார்.

"காத்து நல்லாத்தான் இருக்கு," என்றார்.

தங்கைக்கு அது போதவில்லை. வத்திராயிருப்புப் பக்கத்தில் நாங்கள் பிறந்த கிராமத்தையும் அவருக்குக் காட்ட வேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன்.

"அண்ணே, நீ எண்ணிக்கிட்டே இரு. நான் பிறந்த ஊருக்குப் போக எனக்கு என்ன பயம்?"

கிருஷ்ணன்கோவிலில் டீக்கு நிறுத்தினோம். பாலம் வரை வேறு ஊர் கிடையாது, எங்கும் நிற்கப்போவதும் இல்லை என்பதால், டிரைவர் அங்கேயே எங்கள் பக்கத்துக் கரைத்துண்டை எடுத்துத் தொங்கவிட்டுவிட்டுத்தான் டீக்கடைக்குப் போனார். நானும் மாப்பிள்ளையும் கூடப் போனோம். தங்கை வண்டியிலேயே இருந்தாள். வெயிலில் பால்கோவாப் பொட்டலம் உருகி சீட்டெல்லாம் நெய். துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தவள், தொங்கிய துண்டை எடுத்துத் துடைத்தாள். வெறுமையாக இருக்கிறதே என்று பெட்டியிலிருந்த மற்ற துண்டை உதறி அழகாகத் தொங்கவிட்டாள். அவள் ஊரை விட்டுப் போன காலத்தில் துண்டு என்றால் முகம் துடைக்கத்தான்.

திரும்பி வந்து நான் தலைகளை எண்ணினேன். நாலு. பைகளை எண்ணினேன். மூன்று. டிரைவர் தன் கையால் போட்ட துண்டுதானே என்று நிமிர்ந்து பார்க்காமல் வண்டியை எடுத்தார். பாலம் வரை யாரும் எங்களை மறிக்கவில்லை.

பாலம் தாண்டியதும் முதல் கல் முன் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளையாகி, அப்படியே டிரைவர் மடியில் கொட்டியது. ரோட்டின் குறுக்கே கருவேல முள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பதினொரு பேர் வரை எண்ணினேன். அதற்குமேல் முடியவில்லை. ஒருவர் கையில் அரிவாள், மற்றவர்களிடம் கம்பும் சைக்கிள் செயினும்.

"ஏலே, நம்ம ஊருக்குள்ளயே அந்தத் துண்டப் போட்டுட்டு வருதான் பாரு."

டிரைவர் அப்போதுதான் மேலே பார்த்தார். துண்டை எடுக்கக் கையைத் தூக்கினார். கதவைத் திறந்து அவரை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். மாப்பிள்ளை முன் சீட்டில் இருந்தார். அவரையும் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"எந்தூருலே?"

"பினாங்கு," என்றார் அவர்.

கேலி செய்கிறார் என்று நினைத்துக் கன்னத்தில் அறைந்தார்கள். அப்போது தங்கை இறங்கி ஓடினாள். எங்கள் கிராமத்தின் பெயரையும், தெருவையும், எங்கள் அப்பாவின் பெயரையும் உரக்கச் சொன்னாள். "நாங்க உங்க ஆளுகதான். எங்கள விட்ருங்க." அத்தனையும் உண்மை.

அரிவாள்காரர் கையை ஓங்காமல் நின்றார். அவருக்குப் பக்கத்திலிருந்த ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "நம்ம தெருவுல பிறந்துட்டு அவன் துண்டக் கட்டிக்கிட்டு வாறியளோ? எதுத்தவனக்கூட விட்ரலாம்."

அதற்குப் பிறகுதான் உண்மையில் அடித்தார்கள். தலையை மறைக்க மாப்பிள்ளை வலது கையைத் தூக்கினார். கம்பு அந்தக் கையில் விழுந்த சத்தம் காய்ந்த முருங்கைக் கிளை முறிவது போல இருந்தது. இன்னொரு அடி புருவத்துக்கு மேலே. நான் குறுக்கே விழுந்து முதுகில் வாங்கினேன். தங்கையை ஒருவரும் தொடவில்லை. அவள் எங்கள் தெருப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல அடி கூடியது. எதிர்த்திசையில் ஒரு லாரி வந்து ஹாரனை அடித்துக்கொண்டே நின்றதால் விட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது ஒருவர் அந்தத் துண்டை எடுத்துக் கிழித்து ரோட்டில் போட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் டிரைவருக்கு விலா எலும்பில் விரிசல் என்றார்கள். மாப்பிள்ளைக்கு முன்கையில் இரண்டு எலும்பும் முறிவு, புருவத்தில் ஒன்பது தையல். கட்டுப் போடுகிறவர் பேண்டேஜ் சுருளைப் பிரித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. நூல் இடைவெளியைப் பார்த்தாலே போதும்.

"மாப்பிள, இது எங்க கம்பெனித் துணி," என்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் சொன்னேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "நல்ல ஏற்பாடுலா, மச்சான். இங்கயே அடிச்சு, இங்கயே கட்டிவிடுறீங்க."

டிரைவர் அடுத்த கட்டிலில் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலித்ததால் உடனே நிறுத்திக்கொண்டார். போலீசுக்குப் போனால் கேஸ் முடிகிறவரை மாப்பிள்ளை ஊருக்குத் திரும்ப முடியாது என்றார். போகவில்லை.

திங்கட்கிழமை மனைக்காரர் வீட்டுக்கு வந்தார். நடந்ததைக் கேள்விப்பட்டிருந்ததால் உட்காரக் கூசி நின்றார். மாப்பிள்ளைதான் அவரை உட்காரச் சொன்னார்.

"வாங்கிடலாம்," என்றார். "பஸ் ஓட்டுற எனக்கு இது தெரியாதா? ரோட்டுல அடிபடுறதுதான். அந்த இடத்துல காத்து நல்லா இருந்துச்சு."

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் மனைக்காரருக்குக் காபியை வைத்துவிட்டு, "வேண்டாம்" என்றாள்.

"ஏன்?" என்றார் மாப்பிள்ளை. "நீதான கேட்ட?"

"எதுத்த பக்கத்து அவிய அடிச்சிருந்தா வாங்கியிருப்பேன்," என்றாள். மனைக்காரர் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய அன்று வாடகைக் கார் எதுவும் வரச் சம்மதிக்கவில்லை. மதுரைக்கு பஸ்ஸில்தான் போனோம். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரித்தது. உள்ளே காலியாக இருந்த ஒரு சீட்டில், பழக்கத்தில், ஜன்னல் வழியாக என் தோள் துண்டைப் போட்டேன். மாப்பிள்ளையின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். தங்கை நேராக என் துண்டு கிடந்த சீட்டுக்குப் போய், அதை எடுத்து நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். அந்த இடத்தில் யாரோ உட்கார்ந்துகொண்டார்கள். மதுரை வரை அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள்.