ஸ்கேன் எந்திரத்துக்குள் உயர்ந்த கைகள்

தோட்டத் தொழிலாளர்களின் அனுபவங்களைத் திரட்டும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, எனது கழுத்தை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த அன்று நிகழ்ந்ததை உள்ளபடியே இங்கு எழுதுகிறேன்.

கம்பத்தை அடுத்த திராட்சைத் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவள் நான். பந்தலில் தொங்கும் கொத்துகளை அண்ணாந்து பார்த்து, நெருக்கமாக இருக்கும் பிஞ்சுகளைக் கத்தரியால் நறுக்கி எடுப்பது என் பணி. ஸ்கேன் எடுத்த ஆண்டு என் வலது கை விரல்கள் மரத்துப்போயின. கத்தரி நழுவியதைக்கூட, அது தரையில் விழும் சத்தம் கேட்டே அறிந்தேன். படம் தெளிவாக வந்தால்தான் அறுவை சிகிச்சையால் கை பிழைக்குமா என்று கூற இயலும் என மருத்துவர் சொல்லிவிட்டார்.

தேனிக்கு என் நாத்தனாரும் உடன் வந்தாள். உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது என்றதால், தாலிக்கொடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அதில் ஏழு ஊக்குகள் கோத்திருந்தன.

“என்ன மதினி, ஊக்குக் கடையே வச்சிருக்கீக!” என்றாள்.

ஸ்கேன் எடுப்பவர் என்னைப் படுக்க வைத்து, “சௌகரியமா இருக்காம்மா? அரை மணி நேரம் அசையக் கூடாது” என்றார். மல்லாந்த உடனேயே கழுத்து வலித்தது. ஆயினும் அவருக்குச் சிரமம் தர மனமின்றி, “இருக்குங்க” என்றேன்.

உள்ளே சென்றதும் எந்திரம் இடிபோல் சத்தமிடத் தொடங்கியது. வலி ஏறிக்கொண்டே போனது. அதை மறக்கக் கண்களை மூடி, தோட்டத்தில் நிற்பதாக எண்ணிக்கொண்டேன். முகத்துக்கு மேலே கொத்துகள் தொங்கின. மூச்சு சீரானது. சத்தம் எங்கோ விலகிப் போனது.

“ஏம்மா, கையைத் தூக்காதீக!” என்று ஸ்கேன் எடுப்பவரின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

கண் திறந்தேன். என் கைகள் இரண்டும் நெஞ்சுக்கு மேலே உயர்ந்திருந்தன. வலது கை விரல்கள் வெறுங்காற்றை நறுக்கிக்கொண்டிருந்தன. என்னை வெளியே இழுத்தார். படம் கலைந்துவிட்டது, முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்.

வாசலில் நின்ற நாத்தனார், “அங்கன போயும் கூலி வேலையா மதினி? இவுக சம்பளம் தர மாட்டாக!” என்றாள். அவரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை.

இம்முறை, “கழுத்து வலிக்குதுங்க. கையும் என் பேச்சைக் கேக்காது” என்று சொன்னேன். அவர் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையும், முழங்கைகளுக்கு அடியில் மடித்த துணியும் வைத்தார். கைகளை வயிற்றின் மேல் சேர்த்து, இறுக்காமல் பட்டையால் கட்டினார். குளிருக்குப் போர்வை போர்த்தினார். கண்களையும் துணியால் மூடச் சொன்னேன். பிறகு நான் தோட்டத்துக்குப் போகவில்லை. எங்கும் போகவில்லை. மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் கவனித்துக் கிடந்தேன்.

படம் தெளிவாக வந்தது. நரம்பு நெடுநாளாக நசுங்கியிருக்கிறது, அறுவை செய்தால் மேலும் கெடாது, போன உணர்ச்சி திரும்புவது கடினம், இனி அண்ணாந்து பார்க்கும் வேலை கூடாது என்று படத்தைப் பார்த்த மருத்துவர் விளக்கினார். நாத்தனார் அழுதாள். நான், “சரிங்க” என்றேன். எழுந்து வந்து, கம்பம் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன்.

இக்குறிப்பைத் தாங்கள் தயவுகூர்ந்து பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.