செப்டிக் டேங்க்குக்குத் திறப்பு விழா

நன்கொடை கேட்கும் தொழிலில் தொண்டைதான் முதலீடு. வெட்கம் இருந்தால் நஷ்டம். கோயில் கும்பாபிஷேகத்துக்கோ தெரு கிரிக்கெட் டீமுக்கோ ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி.

நான் இந்தக் கட்சியில் சேர்ந்தது பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருந்த லீவில். ஒரகடத்தில் வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகத்துக்கு மல்லிகா அத்தை வார்டன். யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டுவது என் வழக்கம். அத்தை குரலில் சமையல்கட்டைப் பார்த்து, "எல்லாருக்கும் இஞ்சி டீ போடு" என்று நான் உத்தரவு போட, மறுநாளுக்கு வைத்திருந்த பாலும் அன்றே தீர்ந்துபோனது. தண்டனையாக என்னை நன்கொடை கேட்கும் போன் முன்னால் உட்கார வைத்தார்.

காப்பகம் ஓடும் விதம் சுலபம். கட்டடம், பாய், சம்பளம் எல்லாம் அரசுப் பணம். நடுவில் விழும் ஓட்டைகளை ஊரைக் கேட்டு அடைக்க வேண்டும். அந்த வாரத்து ஓட்டை, செப்டிக் டேங்க். நிரம்பி வழிந்தது. சனிக்கிழமைக்குள் லாரி வைத்து உறிஞ்சாவிட்டால் இடத்தைப் பூட்டிவிடுவதாகச் சுகாதார ஆய்வாளர் மூக்கால் சொல்லிவிட்டுப் போனார். (அந்த மூக்குக் குரல் எனக்கு ஒரே நாளில் படிந்துவிட்டது.) அரசுத் தவணை அதற்குள் வராது.

பூட்டினால் எல்லாரும் தெருவுக்கு. அதிலும் ஏழுமலை அண்ணன் பாவம். காண்ட்ராக்ட் வேலை போய் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் படுத்துக் கிடந்தவர். திங்கட்கிழமை சேரப்பணஞ்சேரி குடோன் ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர வேண்டும். பஸ் ஸ்டாப்பிலிருந்து குளிக்காமல் எழுந்து வருகிறவரிடம் எவன் கேட் சாவியைக் கொடுப்பான்?

கேசரி மேல் கேசரி

செவ்வாய்க்கிழமை அமாவாசை. போனில் நான் கேட்டது டேங்க். வந்தது சாம்பார் சாதம். மூன்று குடும்பம், மூன்று அண்டா, மூன்று கேசரி, எல்லாம் மதியம் ஒரே நேரத்தில். பரிமாறுகிற போட்டோ மூன்று பேருக்கும் வேண்டும். ஆகவே ஒரே ஆட்கள் மூன்று தடவை உட்கார்ந்து, மூன்று தடவை பசித்த முகம் காட்டினார்கள்.

டேங்க்கின் நிலைமையை யோசித்தால் இது உதவியா, உபத்திரவமா என்று எனக்கே சந்தேகம். மூன்றாவது பந்தியில் ஏழுமலை அண்ணன் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே சொன்னார்: "பாப்பா, பஸ் ஸ்டாப்புல பட்டினியா கெடந்தப்போகூட வயிறு இப்டி வலிக்கலம்மா."

ஒன்றில் ஓடும் ஃபேன்

கல்யாண மண்டப ஓனர் தணிகாசலம் எங்களுக்கு நாலு ஃபேன் கொடுத்தவர். ஒவ்வொரு இறக்கையிலும் சிவப்புப் பெயின்ட்டில் அவர் பேர். டேங்க்குக்கு அடி போடலாம் என்று புதன்கிழமை அவரை வரச்சொன்னோம். அவரோ வந்ததிலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் சுற்றியது, பேர் தெரியவில்லை.

நேராக ரெகுலேட்டரிடம் போய்த் திருகினார். பேர் நிதானமாக ஊர்வலம் போனது. கீழே ஒரு ஹால் முழுக்க வேர்த்துக் கொட்டியது. அத்தை மெதுவாக அஞ்சில் திருப்பி வைத்தார். தணிகாசலம் மறுபடி ஒன்றுக்கு இறக்கினார்: "ஒண்ணுலயே ஓடட்டும்மா. அஞ்சுல வெச்சா நான் குட்த்தேன்னு எவனுக்குத் தெரியும்?"

கம்பெனி மேடம்

ஒரு கம்பெனி வருஷா வருஷம் எங்கள் சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பும். அதே சுவர்தான். பெயின்ட் ஏறி ஏறி அந்தப் பக்கம் மட்டும் அறை சுருங்கிவிட்டது. அங்கே சமூக சேவை நிதியைப் பார்க்கும் மேடத்துக்கு வியாழக்கிழமை போன் போட்டேன்.

"ஸாரிப்பா, செப்டிக் டேங்க் எங்க தீம்ல வராது. இந்த இயர் பசுமை" என்றார். சனிக்கிழமைக்குள் எல்லாரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்றேன். நிஜமாகவே வருத்தப்பட்டு, கொஞ்ச நேரம் யோசித்தார். நல்ல மனசுதான். பிறகு கேட்டார்: "டேங்க் மேல நாலு செடி நட்டா என்ன? பசுமைல காட்டிடலாமே."

ரிப்பன்

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் தணிகாசலத்துக்கே போன். "டேங்க்குல என் பேர எங்க எழுதுவம்மா?" என்றார். திறப்பு விழா வைக்கலாம் சார், மூடியைத் திறந்துதானே ஆக வேண்டும் என்றேன். "ரிப்பன் உண்டா?" என்றார்.

உண்டு. சனிக்கிழமை காலை லாரிக் குழாய்க்கு மாலை, அதற்குக் குறுக்கே ரிப்பன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து வெட்டினார். அவர் அக்கா மகன் வீடியோ எடுத்தான். மூடியைத் திறந்ததும் அவர் கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் அமுக்கியவர்தான், அப்புறம் எடுக்கவேயில்லை. பேச்சு பாக்கி. வாய்தான் மூடியிருக்கிறதே என்று பின்னால் நின்ற நான் அவர் குரலில் ஆரம்பித்தேன்: "இத்த நான் ஊரு டேங்க்கா நெனைக்கல. என் வூட்டு டேங்க்கா நெனைக்கிறேன். இனிமே எப்ப ரொம்பினாலும் லாரி நம்ம செலவு."

கைக்குட்டைக்கு மேலே இரண்டு கண்ணும் என்னைப் பார்த்து விரிந்தன. மறுக்கவும் வாயைத் திறக்க வேண்டுமே. கையில் சோப்பு டப்பாவோடு ஏழுமலை அண்ணன்தான் முதலில் கை தட்டினார். அன்று சாயங்காலம் அத்தை என் காதைத் திருகி, மன்னிப்புக் கேள் என்று போனைக் கையில் திணிப்பதற்குள் தணிகாசலமே கூப்பிட்டுவிட்டார்: "வீடியோ பாத்தேன் பாப்பா, இன்னாமா பேசிக்கீறேன். சொன்னா சொன்னதுதான், லாரி வந்துடும்."

ஆக, எங்கள் பக்கத்தில் ஒருவர் குளித்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போக வேண்டுமானால், இன்னொருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ரிப்பன் வெட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது.