பழைய நேரத்தில் பிறந்தவள்

பெரியப்பா சோற்றுக் கோப்பையில் கையை வைத்தபடி, குழைத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே இருந்ததை நான் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பாரை மீன் குழம்பும் முருங்கைக்காயும் பெரியம்மா இடித்த சம்பலும் மேசையில் இருந்தன. என் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை. அம்மா, கல்யாணப் பெண்ணை வைத்துக்கொண்டு எல்லாத் தாய்மாரும் சொல்வதுபோல, நான் பிறந்த கதையை எடுத்துவிட்டார். வலி எடுத்தது, மருத்துவிச்சியைக் கூட்டி வந்தது, சம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழரை மணி அடித்துப் பத்து நிமிடத்தில் நான் வந்து விழுந்தது. நூறு தடவை கேட்ட கதைதான். அன்றைக்கு மட்டும் அம்மா அதற்கு ஒரு வால் சேர்த்தார்.

“அது எங்கட பழைய நேரம். டவுணில அப்ப எட்டுப் பத்தாகியிருக்கும்.”

பெரியப்பாவின் கை நின்றது அப்போதுதான். குழம்பு விரல்களில் காய்ந்துபோகும்வரை அவர் அசையவில்லை. பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டு, அலுமாரியைத் திறந்து என் சாதகக் குறிப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

அந்தக் காலத்தை அறியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை முன்னே தள்ளி வைத்திருந்த வருடங்கள் அவை. நான் பிறந்தபோது வித்தியாசம் அரை மணித்தியாலம். திருகோணமலை நகரத்தில் புதிய நேரம். குடாவுக்கு அந்தப் பக்கம், அரசாங்கத்தோடு போரிட்ட இயக்கத்தின் கையில் இருந்த சம்பூரில், யாரும் மணிக்கூட்டில் கை வைக்கவில்லை. நகரத்துக்குப் போகும் லோஞ்ச் படகைப் பிடிக்க மூதூருக்கு வருகிறவர்கள் வழியெல்லாம் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே வருவார்களாம். பஞ்சாங்கம் மட்டும் எங்கும் பழைய நேரத்தில்தான் இருந்தது. அதனால் நகரத்துச் சாத்திரியார்மார், யார் பிள்ளை பிறந்த நேரத்தைக் கொண்டுவந்தாலும், முதலில் அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டுத்தான் கட்டம் போடுவார்கள்.

நான் பிறந்த அன்று அப்பா ஒரு துண்டில் ‘பெண் பிள்ளை, காலை 7.40’ என்று எழுதி, லோஞ்சில் வந்த ஒருவரிடம் கொடுத்து நகரத்திலிருந்த பெரியப்பாவுக்கு அனுப்பினார். பெரியப்பா என்றால் அம்மாவின் அக்காவைக் கட்டியவர். அவர் அந்தத் துண்டோடு சாத்திரியாரிடம் போனார். சாத்திரியார் வழக்கம்போல அரை மணியைக் கழித்தார். அது சம்பூரில் இருந்து வந்த நேரம், கழிக்கத் தேவையில்லை என்று சாத்திரியாருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பக்கத்துக் கதிரையில் இருந்த பெரியப்பா. முதல் பெறாமகள் பிறந்த சந்தோசத்தில் அவருக்கு அது ஓடவில்லை.

இது வேறு யாருக்கும் நடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பெரியப்பா துறைமுகப் பக்கம் ஒரு வேலைத்தளத்தில் டைம் கீப்பராக இருந்தவர். வாசலில் ஒரு கொட்டிலில் இருந்துகொண்டு, வருகிறவர் போகிறவரின் நேரத்தைப் பதிவதுதான் முப்பது வருடம் அவருடைய வேலை. இரண்டு நிமிடம் பிந்தினாலும் பிந்தியதுதான். சொந்தத் தம்பிக்கே சிவப்புப் பேனையால் கோடு போட்டதால், அந்த மனிதர் ஒரு வருடம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. காலையில் வானொலி மணி சொல்லும்போது கூடம், குசினி, சாமியறை என்று மூன்று மணிக்கூட்டையும் சரிபார்ப்பார். “எனக்கு மாப்பிள்ளையைக் கட்டித் தந்ததோ மணிக்கூட்டைக் கட்டித் தந்ததோ தெரியேல்லை” என்று பெரியம்மா சலித்துக்கொள்வார்.

அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். சண்டை மூண்டு சம்பூரை விட்டு எல்லோரும் வெளியேறியபோது, அம்மாவும் நானும் எங்கெல்லாமோ அலைந்து கடைசியில் பெரியப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு ஒன்பது வயது. அடுத்த நாளே பெரியப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பழைய வரவுப் படிவங்களைக் கிழித்து என் கொப்பிகளுக்கு உறை போட்டார். உறைக்கு மேலே யார் யாருடையவோ பெயர்களும் வந்த நேரங்களும் இருக்கும். வகுப்பில் என்னைக் கேலி செய்தார்கள். நான் அந்த உறைகளை ஒருநாளும் கழற்றவில்லை.

அரை மணித்தியாலம் என் வாழ்க்கையில் என்ன செய்தது என்றால், 7.10க்குப் பிறந்தவளாக என்னை மீன லக்கினத்தில் வைத்து, செவ்வாயை ஏழாம் இடத்தில் கொண்டுபோய் இருத்தியது. அதுதான் செவ்வாய் தோஷம். செவ்வாய் உள்ள பெண்ணைச் செவ்வாய் உள்ள மாப்பிள்ளைக்குத்தான் கொடுக்கலாம், மாறிக் கட்டினால் துணைக்கு ஆகாது என்பது எங்களவரின் நம்பிக்கை. பெரியப்பா என் குறிப்பை ஒரு பிளாஸ்டிக் பைலில் வைத்துக்கொண்டு அலைந்தார். ஐந்து இடங்கள் தட்டிப் போயின. வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “பொருந்தேல்லையாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவார். மூன்றாவது இடத்தில் மட்டும், குறிப்புப் பார்க்க முன்னரே பெண் பார்க்க வந்து, பெடியனும் நானும் பத்து நிமிடம் சிரித்துக் கதைத்தும்விட்டோம். அடுத்த கிழமை மாட்டோம் என்று அறிவித்தார்கள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே பெரியப்பா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பத்திரிகையை உரத்து வாசிக்கத் தொடங்கினார். என் அழுகை குசினியில் இருந்த பெண்களுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக, முதல் பக்கத்தில் இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

எனக்குச் சாத்திரத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் மற்றவர்களுக்கு இருக்கும்போது என் நம்பிக்கையை வைத்து என்ன செய்வது?

ஆறாவதாகத் திரியாயில் இருந்து வந்த குறிப்பு எல்லாப் பொருத்தமும் பொருந்தி வந்தது. மாப்பிள்ளைக்கும் செவ்வாய். முதல் தடவை தொலைபேசியில் கதைத்தபோதே அவர், “உங்களுக்கும் செவ்வாய் எண்டு கேட்டவுடனை ஊர்க்காரரைக் கண்ட மாதிரி இருந்தது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரையும் நாலு இடத்தில் வேண்டாம் என்றிருந்தார்கள். நாலு மாதம் தினமும் கதைத்தோம். அவரை விட்டால் எனக்கு வேறு ஆள் வேண்டாம் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை வாலைச் சேர்த்தார்.

திங்கட்கிழமை பெரியப்பா இன்னொரு சாத்திரியாரிடம் போய் வந்தார். அன்று பின்னேரம் கடற்கரைக்கு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். கடலைக்காரர் போட்டுவிட்டுப் போன கடதாசிகளை, நகரத்துக்குள் திரியும் மான்களில் ஒன்று மென்றுகொண்டு நின்றது.

“பிள்ளை, உனக்கு மேச லக்கினம். செவ்வாய் ஆறில. உனக்குத் தோசம் ஒண்டும் இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை.”

அந்தக் குளியலறைதான் முதலில் என் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்து இடங்களையும் நினைத்து எனக்குக் கோபம் வர முன்னரே அவர் அடுத்ததைச் சொன்னார்.

“ஆனா அந்தப் பெடியனுக்கு இருக்கு. அவையளுக்குச் சொல்லத்தான் வேணும்.”

சொன்னால் கல்யாணம் நின்றுபோகும். மாப்பிள்ளையின் தாய் பஞ்சாங்கம் பார்க்காமல் தலைக்கு எண்ணெய் வைக்காதவர். கணவனை இளவயதில் பறிகொடுத்தவர். செவ்வாய் இல்லாத பெண்ணைத் தன் மகனுக்குக் கட்டி வைத்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைக்கவே பயப்படுவார். சொல்ல வேண்டாம் என்று பெரியப்பாவிடம் கெஞ்சினேன். பிழையென்று தெரிந்துகொண்டே ஒரு நேரத்தைச் சரியென்று காட்ட ஏலாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் நாக்குக் கூசுகிறது.

“அஞ்சு பேர் என்னை வேண்டாமெண்டு போகுமட்டும் பிழை நேரத்தைத்தானே வச்சிருந்தனீங்கள். இந்த ஒருக்காவும் அப்பிடியே விடுங்கோ.”

அவர் முகம் சுருங்கிப்போனது. “சரி பிள்ளை. நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்றார். வரும் வழியில் எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். இருபத்தாறு வயதுக் கழுதை நான், அழுதுகொண்டே அதைத் தின்றேன்.

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. தாலி ஏறும்போது பெரியப்பாவைத் தேடினேன். எல்லோரும் அட்சதை போட, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்காக இந்த மனிதர் தன் இயல்பையே விற்றுவிட்டாரே என்று அந்தச் சந்தோசத்துக்குள்ளும் நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவரை முன்னிலும் கூடுதலாக நேசித்தேன். பெரியம்மாவுக்குத் தெரியாமல் அவருக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கொடுப்பேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் பெரியப்பா வீட்டிலேயே இருந்த எங்களைப் பார்க்க, மாமியார் மாதம் ஒரு தடவை திரியாயில் இருந்து நிலக்கடலையும் மோரும் கொண்டு வருவார். அவர் சாமியறைப் பக்கம் போனாலே எனக்குப் பதைக்கும். புதுச் சாத்திரியார் திருத்திப் போட்ட குறிப்பு இருந்த சாமியறை அலுமாரியின் திறப்பை நான் இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தேன். ஆனால் விசித்திரம் என்னவென்றால், ஊர் முழுக்கச் சாதகம் கதைக்கிற மாமி என் சாதகத்தைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. யாராவது அந்தக் கதையை எடுத்தாலும், “புட்டுக்கு மா குழைக்கவேணும்” என்று எழும்பிவிடுவார். என் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் பெரியப்பா போய்விட்டார். மாரடைப்பு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு மாமி முதல் நாளே வந்துவிட்டார். காலையில் குசினியில் அவர் வாழைக்காய் சீவ, நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“உன்ர பெரியப்பா உங்கட கலியாணத்துக்கு முதல் ஒருக்கா எங்கட வீட்டை வந்தவர். உனக்குத் தெரியாது” என்றார் மாமி.

என் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. கடற்கரைக்குப் போன நாளுக்கு அடுத்த திங்கட்கிழமையாம். முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, ராகுகாலம் முடியட்டும் என்று ஒன்பது மணிவரை கேற்றடியில் வெயிலில் நின்றிருக்கிறார். உள்ளே வந்து கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, அப்பாவின் துண்டு, பழைய நேரம், சாத்திரியார் கழித்த அரை மணி என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

“பிழை முழுக்கத் தன்ர எண்டார். உனக்கு இது ஒண்டுமே தெரியாதெண்டும், தெரிஞ்சா நீயே வந்து சொல்லியிருப்பாயெண்டும் சொன்னவர். நான் ரெண்டு நாள் நித்திரை கொள்ளேல்லை. பிறகு யோசிச்சன், கலியாணம் குழம்புமெண்டு தெரிஞ்சும் இவ்வளவு தூரம் வந்து உண்மையைச் சொன்ன மனிசன். அவர் வளத்த பிள்ளை வந்தால் என்ர வீட்டுக்கு ஒரு கேடும் வராது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மகனுக்கும் சொல்லேல்லை. உன்ர மனம் நோகுமெண்டு உனக்கும் சொல்லவேண்டாமெண்டு அவரிட்டைச் சொன்னனான்.”

நான் களைந்த அரிசியையே திரும்பக் களைந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். தலையாட்டிவிட்டு, ஒரு கிழமைக்கு மேல் பொறுக்க முடியாமல் போய்ச் சொல்லியிருக்கிறாரே. பிறகு அவர் சொன்ன பொய் மெதுவாக உறைத்தது. ஒரு நிமிடத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவர், உண்மையைச் சொல்லப் போன இடத்தில், நான் கெஞ்சியதையும் நாக்குச் சுடச் சொன்னதையும் மறைத்து, என்னைச் சுத்தமானவளாக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பெயரில்தான் மாமி என்னை எடுத்திருக்கிறார். அன்றைக்கு என்னால் வாய் திறக்க முடியவில்லை. பெரியப்பாவைப் பொய்யராக்க மனம் வரவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம்.

கணவரிடம் அன்றிரவே சொல்லிவிட்டேன். செவ்வாயில் இனித் தான் மட்டும் தனியாக இருக்க வேண்டுமே என்பதுதான் அவருக்குக் கவலை.

மாமி நாளைக்கு வருகிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அச்சில் எதைக் கண்டாலும் முடியும்வரை வாசிப்பவர். என் கையெழுத்தையும் வாசிப்பார். இந்தத் தாள்களை வேறு யாரிடமும் காட்ட முன்னர் அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று பெரியப்பா உங்களிடம் சொன்னது பொய், மாமி. எனக்கு எல்லாம் தெரியும். அவரை வாய் திறக்க வேண்டாம் என்று மறித்தவள் நான்தான்.