கணினி கட்டிய சலங்கை

குலுக்கினால் ஒலிக்கும் வாத்தியங்களைக் குலுக்காமலே கணினியில் ஒலிக்கவைப்பது என் தொழில். ஒருநாள் பறக்கும் ரயிலில் எதிரே இரண்டு பேர் கைப்பேசியில் ஒரு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் வரும் சலங்கை நான் செய்தது. ஒருவர் சொன்னார்: "சலங்கையா மச்சி இது? சாவிக்கொத்த ஆட்டிக்கினு கீறான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தங்கள் வேலையைப் பற்றி அடுத்தவர் பேசக் கேட்டு நெளிந்தவர்களுக்கு அந்த ஜன்னலின் அருமை தெரியும்.

தூறல்

எத்தனை மணிகள், எவ்வளவு வேகம், எப்போது அடங்க வேண்டும் என்று சொன்னால் போதும்; மென்பொருள் அவற்றைக் கண்டபடி மோதவிடும். மணி குறைந்தால் தூறல், கூடினால் மழை. ஆழ்வார்பேட்டை ஸ்டுடியோவில் ஹெட்போனுக்குள் நாளெல்லாம் நனைந்துகொண்டிருப்பேன். ஒலிப்பதிவாளர் பாஸ்கர் அண்ணன் எட்டிப் பார்ப்பார்: "டீ ஆறுது. மழை விட்டா சொல்லும்மா."

யார் கால்?

மயிலாப்பூரிலிருந்து மைதிலி மேடம் வந்தார். நடனக் கலைஞர். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் கடைசியாக ஆடியது வீடியோவாக இருக்கிறது. பாட்டும் மிருதங்கமும் மைக் வழியாகப் பதிவாகியிருந்தன. காலுக்கு யாரும் மைக் வைக்கவில்லை. "எனக்குன்னு மிச்சம் இது ஒண்ணுதான். இதுல நான் ஆடறது கேக்கவே இல்லை" என்றார்.

ஒவ்வொரு அடவுக்கும் பொருத்தி மணிகளை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அடவு என்னோடது. சலங்கைய வேற யாரோ கட்டிண்டிருக்கா."

நிற்கும்போது

ஓரிடத்தில் அவர் அசையாமல் நிற்பார், கண் மட்டும் பேசும். அங்கே ஒலியை முழுக்க நிறுத்தியிருந்தேன். "ஏன் அங்க செத்துப்போறது? நிக்கறச்சேயும் நான் மூச்சு விடுவேனோல்லியோ?"

மூச்சுக்கு இரண்டு மணி, தொட்டும் தொடாமலும் வைத்தேன். மதியம் முழுக்க அந்த இரண்டு மணிகளோடு இருந்தேன். ஏசியின் இரைச்சல்கூடத் தூரத்துக் கடலாகக் கேட்டது. பாஸ்கர் அண்ணன் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "யாரோ பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கும்மா."

வலது பக்கம்

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. வலது கால் கொஞ்சம் மெத்தென்று இறங்குகிறது. அப்போதே வலி இருந்திருக்கிறது. நானும் வலது சலங்கையை அப்படியே தணித்து வைத்தேன்.

மேடம் கடைசிவரை கேட்டார். கண் கலங்கியிருந்தது. "இது நான்தான்" என்றார். பிறகு, "இதுல எது வலது கால்?"

திரையில், தாழ்ந்து ஓடிய ஒலி அளவுக் கோட்டைக் காட்டினேன். மவுஸை என் கையிலிருந்து வாங்கி, அந்தக் கோட்டை இடது காலின் உயரத்துக்கு இழுத்துவிட்டார்.